பால் கொடுக்கும் பூனை உண்ண மறுத்தால்…

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)



நமது பள்ளியின் பின்புற அறையில், சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால் ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். "ஜும்ஆ பயானில் பூனைக் கதையா ஹஜ்ரத்?" என்று காலையில் ஒருவர் கேட்டே விட்டார். இதில் என் மீது ஒரு பொறுப்பு இருக்கிறது. அதை உங்கள் முன்னால் சொல்லாமல் வேறு எதையும் பேச எனக்கு மனம் வரவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன்பு அந்தப் பூனை நான்கு குட்டிகள் போட்டது. எட்டாம் நாள் அஸருக்குப் பிறகு மோதினார் பாய் என்னிடம் வந்தார். "அறையெல்லாம் வாடை அடிக்குது ஹஜ்ரத், நாளைக்கு ஜும்ஆவுக்குப் பாய் எடுக்கணும், என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நான் ஏதோ ஒரு கிதாபைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "குட்டிகளை ஒரு அட்டைப்பெட்டியில போட்டு எங்கயாவது விட்டுடச் சொல்லுங்க" என்றேன். அவர் ஒரு பையனிடம் கொடுத்தார். அவன் இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் பெட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டான். மோதினார் மீதும் குற்றமில்லை, அந்தப் பையன் மீதும் குற்றமில்லை. உத்தரவு கொடுத்தவன் நான்.

இரவு இஷாவிலிருந்து ஃபஜ்ர் வரை அந்தப் பூனை கத்தியது. அறையைச் சுற்றி வந்தது, ஹவ்லின் ஓரமாக ஓடியது, செருப்பு வைக்கும் இடத்தை முகர்ந்தது, மறுபடியும் பாய்களுக்குப் பின்னால் போய்த் தேடியது. ஃபஜ்ர் முடிந்ததும் முன் வரிசையில் எப்போதும் உட்காரும் பெரியவர் ஒருவர் என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டார்: "குஞ்சைப் பறிகொடுத்த பறவையோட ஹதீஸை நீங்கதானே போன மாசம் சொன்னீங்க?"

அந்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தம் தேவைக்காகச் சற்று விலகிச் சென்றிருந்த நேரத்தில், ஸஹாபாக்கள் ஒரு சிறு பறவையை இரண்டு குஞ்சுகளுடன் கண்டார்கள். குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகை விரித்துத் தாழ்வாக வட்டமிட ஆரம்பித்தது. திரும்பி வந்த நபியவர்கள், பிள்ளையைப் பறித்து இதைத் துயரப்படுத்தியவர் யார் என்று விசாரித்து, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட்டார்கள். எடுத்தவர்கள் ஸஹாபாக்கள், கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. ஆனாலும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

உடனே டார்ச் எடுத்துக்கொண்டு போனோம். பெட்டி கவிழ்ந்து கிடந்தது. மூன்று குட்டிகள் செங்கல் குவியலின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நான்காவதற்கு உயிர் இல்லை. பத்து நாளைக்குட்பட்ட பூனைக்குட்டியால் தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது என்பதும், கண்ணே அப்போதுதான் திறக்க ஆரம்பிக்கும் என்பதும், தாயின் வயிற்றோடு ஒட்டியிருப்பதுதான் அதற்குப் போர்வை என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. திண்டுக்கல்லின் பகல் வெயில் நமக்குத் தெரியும். ஆனால் விடியற்காலையில் சிறுமலைப் பக்கமிருந்து வரும் காற்று அந்தக் குட்டிகளுக்குப் போதும். கையில் எடுத்தபோது அவை சில்லென்று இருந்தன.

தாயிடம் கொண்டுபோய் வைத்தோம். மனிதக் கை பட்டால் தாய்ப்பூனை குட்டியைச் சேர்க்காது என்று நம் ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளும். இதுவும் நக்கி நக்கிச் சேர்த்துக்கொண்டது. அல்லாஹ் தன் ரஹ்மத்தை நூறு பங்குகளாக்கி, ஒரே ஒரு பங்கைப் பூமிக்கு இறக்கினான் என்றும், குதிரை தன் குட்டி மிதிபட்டுவிடாமல் குளம்பைத் தூக்கிக்கொள்வதும் அந்த ஒரு பங்கினால்தான் என்றும் வரும் ஹதீஸைப் புகாரியிலும் முஸ்லிமிலும் ஓதியிருக்கிறோம். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன்.

பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். தீரவில்லை. பூனை சாப்பிடவில்லை.

செய்தி பரவியதும் மஹல்லாவிலிருந்து ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவானாக. ஒருவர் தயிர்சாதம் கொண்டுவந்தார், ஒருவர் பாக்கெட் பால் ஊற்றினார். நம் ஊர் ஆயிற்றே, பிரியாணியும் வந்தது. ஒரு வீட்டு நன்னிமா, "பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டு கொடுத்தாதான் பால் ஊறும்" என்று பூண்டைத் தட்டிப் போட்டுக் குழம்புச் சோறு கொடுத்துவிட்டிருந்தார்கள். அந்த அன்பை என்ன சொல்வது! ஆனால் அன்பு மட்டும் போதாது, இல்மும் வேண்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நாம் கொடுக்கும் பூண்டு, பூனைக்கு விஷம். வெங்காயமும் அப்படித்தான். இவை பூனையின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களை உடைத்துவிடும். பிரியாணி மசாலாவில் வெங்காயம், பூண்டு இரண்டும் இருக்கின்றன, உப்பும் காரமும் இருக்கின்றன. எலும்பை மட்டும் எடுத்துப் போடுகிறோமே என்பார்கள் சிலர். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். பாலும் பல பூனைகளுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும். பால் கொடுக்கும் தாய்க்கு வயிற்றுப்போக்கு வந்தால் இருக்கிற நீரும் போய்விடும்.

இந்தப் பூனை அது எதையுமே தொடவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

குட்டி போட்ட முதல் நாள் பூனை சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம். நஞ்சைத் தின்றிருக்கும், களைப்பாக இருக்கும், குட்டிகளை விட்டு எழுந்திருக்காது. அதற்குப் பிறகு பசி நாளுக்கு நாள் கூட வேண்டும். மூன்றாவது, நான்காவது வாரத்தில் பால் உச்சத்தில் இருக்கும்போது வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னவில்லை என்றால், "அதுவா பசிச்சா சாப்பிடும்" என்று விடக்கூடாது. பூனை சில நாட்கள் தொடர்ந்து பட்டினி கிடந்தால், உடம்பின் கொழுப்பு போய்க் கல்லீரலில் சேர்ந்து அந்தக் கல்லீரலே கெட்டுவிடும். பசியின்மை என்பது நோயல்ல, உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்பதன் அறிகுறி. இதை எனக்குச் சொன்னவர் கால்நடை மருத்துவர்.

அவரிடம் மறுநாள்தான் கொண்டுபோனோம். முதல் நாளே போயிருக்க வேண்டும். காய்ச்சல் 104.5 டிகிரி. பூனைக்கு 100.5 முதல் 102.5 வரை இயல்பு என்றார். பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்து ஒரு மடியைக் காட்டினார். கல் போல இருந்தது. சிவந்து, தொட்டால் சுட்டது. குட்டிகள் ஓர் இரவும் அடுத்த நாளும் சரியாகக் குடிக்காததால் பால் கட்டி, அதில் கிருமி சேர்ந்து மடிநோய் வந்திருக்கிறது. மாட்டுக்கு மடிவீக்கம் வருமே, அதே நோய்தான். குட்டிகளைப் பிரித்தவன் யார்? நான். அப்படியானால் இந்தக் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் காரணம் யார்? டாக்டர் அப்படியெல்லாம் கேட்கவில்லை. ஊசி போட்டுக்கொண்டே காரணத்தைத்தான் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இங்கே சகோதரர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் காய்ச்சல் என்றதும் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடுவோம். பூனைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. அதைச் செரிக்கும் சக்தி அதன் கல்லீரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும். நல்லெண்ணத்தில் கொன்றுவிட்டு, "அதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று தக்தீர் மீது போட முடியாது.

உணவுக்கு அவர் சொன்ன முறை எளிது. எலும்பில்லாத கோழியை உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்துச் சிறு சிறு நாராகக் கிழித்து, அதே வெந்த தண்ணீரை ஊற்றி, வெதுவெதுப்பாகக் கொடுக்க வேண்டும். பூனை கண்ணால் சாப்பிடுவதில்லை, மூக்கால் சாப்பிடுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உணவில் வாசனை வராது. சூடு சற்று ஏறினால்தான் வாசனை எழும். சளி பிடித்து மூக்கடைத்த பூனை சாப்பிடாததற்கும் அதுவே காரணம். அதற்கு ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துவிட வேண்டும். கோழிக்குப் பதில் முள் நீக்கிய வெந்த மீன் கொடுக்கலாம். நம் சந்தையில் ஜிலேபி மீன் மலிவாகக் கிடைக்கிறது. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். ஈரல் ஒரு துண்டு வாசனைக்காகச் சேர்க்கலாம், தினமும் ஈரலாகவே கொடுக்கக் கூடாது. வெறும் சோறும் தயிரும் அதற்கு உணவே அல்ல. அதன் உடம்புக்குத் தேவையான சில சத்துகள் இறைச்சியில் மட்டுமே உள்ளன. வெறும் இறைச்சியிலும் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால், பசி திரும்பியதும் கடையில் விற்கும் குட்டிப்பூனைக்கான தீவனத்தைத் தாய்க்கும் கொடுக்கச் சொன்னார். அது தாய்க்கும் பொருந்தும் என்பது எனக்குப் புதிய செய்தி.

ஒரு நேரத்தில் இரண்டு கரண்டி அளவு, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. தட்டைக் குட்டிகளின் அருகிலேயே வைக்க வேண்டும். தாய் அவற்றை விட்டுத் தூரம் போக மாட்டாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், அகலமான கிண்ணத்தில். சாப்பிடாத மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், இந்த வெயிலில் உடனே கெட்டுவிடும். வாயைப் பிளந்து ஊட்டக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். கட்டிய மடிக்கு வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம். பிறகு அமைதி. மதரஸா பிள்ளைகள் இருபது பேர் வரிசையில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய் சாப்பிடுவாள்? நம் வீட்டில் பிரசவித்த பெண்ணின் அறைக்குள் இப்படி நுழைவோமா?

மூன்றாம் நாள் காலையில், என் விரல் நுனியில் இருந்த கோழி நாரை நக்கியது. அன்று மாலை கிண்ணம் காலியாக இருந்தது.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டு, அதன் காரணமாக வேதனை செய்யப்பட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். இப்னு உமர் (ரலி), அபூஹுரைரா (ரலி) ஆகியோர் வழியாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அதில் அவள் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு இரண்டு பகுதிகள் கொண்டது: அவள் உணவும் தண்ணீரும் கொடுக்கவில்லை, பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்று பிழைத்துக்கொள்ள அவிழ்த்து விடவும் இல்லை. ஆக, அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று உணவளிப்பது, மற்றொன்று விட்டுவிடுவது.

"நாங்கள் பூனையைக் கட்டவில்லையே, திறந்துதானே இருக்கிறது" என்று நாம் சொல்லலாம். யோசித்துப் பாருங்கள். பால் குடிக்கும் குட்டிகள் உள்ள பூனை கயிறில்லாமலேயே கட்டப்பட்டிருக்கிறது. எலி பிடிக்கப் போனால் குட்டி குளிர்ந்துவிடும், நாய் வந்துவிடும். காய்ச்சலோடு இருந்தால் அதுவும் முடியாது. நாம் அந்த அறையின் கதவை இரவில் பூட்டினால், அந்தப் பெண் செய்ததற்கும் நாம் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? தெருவில் திரியும் பூனைக்கு உணவளிப்பது ஸதகா. அடைத்து வைத்த பூனைக்கு உணவளிப்பது கடமை. இந்தக் கோட்டை நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம்.

நமது ஹனஃபி மத்ஹபில், ஹிதாயா ஓதியவர்களுக்கு நினைவிருக்கும், வளர்ப்புப் பிராணிக்குச் செலவு செய்வது உரிமையாளர் மீது அல்லாஹ்வுக்கும் அவருக்கும் இடையிலான கட்டாயம். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, காழியே அவரைக் கட்டாயப்படுத்தலாம் என்கிறார்கள். அவர்கள் தலைமைக் காழியாக இருந்தவர்கள், வழக்குகளைப் பார்த்தவர்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், குட்டிக்குக் கேடு வரும் அளவுக்குத் தாயிடம் பால் கறக்கக் கூடாது என்று வருகிறது. குட்டியின் பங்கு முதலில். அந்தப் பங்கைப் பறிப்பதற்குக் கறக்கத்தான் வேண்டுமென்பதில்லை, அட்டைப்பெட்டி போதும்.

பள்ளிக்குள் பூனை இருக்கலாமா, நஜீஸ் இல்லையா என்று கேட்டவர்களுக்கு: கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் மகள் கப்ஷா, தம் மாமனார் அபூகதாதா (ரலி) அவர்களுக்கு உளூச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். பூனை வந்தது. அபூகதாதா பாத்திரத்தைச் சாய்த்து அது குடிக்க வசதி செய்தார்கள். மருமகள் வியப்போடு பார்க்கவே, பூனை நஜீஸ் அல்ல, அது உங்களைச் சுற்றிவரும் கூட்டத்தில் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள். முஅத்தாவிலும் ஸுனன் நூல்களிலும் இது உள்ளது. பூனை வாய் வைத்த தண்ணீரை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மக்ரூஹ் என்றார்கள். அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் அதுவும் இல்லை என்றார்கள். எலியைத் தின்ற வாயோடு அப்படியே வந்து குடித்தால் மட்டும் அந்தத் தண்ணீர் அசுத்தம். சிறுநீரும் பிரசவ இரத்தமும் நஜீஸ்தான். அந்தப் பாய்களைக் கழுவிக் காயவைத்தாகிவிட்டது. கழுவக் கூடிய ஒன்றுக்காக ஓர் உயிர் போனதுதான் என் தவறு.

மருத்துவச் செலவைப் பள்ளிக் கணக்கில் எழுதலாமா என்று முத்தவல்லி சாஹிப் கேட்டார். கூடாது. வக்ஃபு பணம் எந்த நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டதோ அதற்குத்தான். ஜகாத்திலும் எடுக்க முடியாது. அதைப் பெறுவோர் மனிதர்கள். செலவு என்னுடையது. தீவனத்துக்கு யாராவது ஸதகாவாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். "மனுஷனுக்கே இல்லாதப்போ பூனைக்கா?" என்று கேட்ட தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். தாகித்த நாய்க்குத் தன் காலுறையால் தண்ணீர் மொண்டு கொடுத்து மன்னிக்கப்பட்ட பனூ இஸ்ராயீல் பெண், ஊர் மனிதர்களின் பசியையெல்லாம் தீர்த்துவிட்டுக் கிணற்றுக்கு வரவில்லை. முன்னால் நின்ற உயிருக்கு உதவினாள், அவ்வளவுதான்.

பூனை என்றாலே நம்மில் பலர் சொல்லும் ஒரு கதை உண்டு: நபியவர்களின் மேலாடையில் பூனை தூங்கியதாகவும், எழுப்பாமல் துணியை வெட்டிக்கொண்டு எழுந்ததாகவும். இதற்கு ஹதீஸ் நூல்களில் ஆதாரம் இல்லை. வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். சட்டைக் கையை வெட்டிய செய்தி ஹிஜ்ரி 578இல் வஃபாத்தான அஹ்மத் கபீர் ரிஃபாயீ (ரஹ்) அவர்களின் வரலாற்றில் வருகிறது. தொழுதுவிட்டு வந்து அதை மறுபடியும் தைத்துக்கொண்டார்களாம்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அரபுக் கல்லூரியில் நஹ்வு ஓதும்போது இப்னு பாபஷாத் என்ற பெயரைக் கேட்டிருக்கிறேன். எகிப்தின் பெரிய இலக்கண அறிஞர், ஹிஜ்ரி 469இல் வஃபாத்தானவர். அரசாங்கக் கடிதங்களைத் திருத்துவது அவர் வேலை, நல்ல சம்பளம். ஒருநாள் பள்ளியின் மாடியில் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பூனை வந்தது. ஒரு துண்டு போட்டார்கள். கவ்விக்கொண்டு போனது, உடனே திரும்பி வந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடி போய் வந்தது. இத்தனையை ஒரு பூனை தின்னாதே என்று பின்னால் போய்ப் பார்த்தால், பாழடைந்த இடத்தில் ஒரு குருட்டுப் பூனை; இது கொண்டுபோய் அதன் முன்னால் வைத்துக்கொண்டிருக்கிறது. ஊமைப் பிராணிக்கே அல்லாஹ் இப்படி ரிஸ்க் அனுப்புகிறானே என்று அவர் வேலையை விட்டுவிட்டார். இதைச் சொல்பவர்கள் அவருடைய தவக்குலைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்தப் பூனையின் மீதுதான் கண் போகிறது. ரிஸ்க் வந்த வழி அதுதானே. ஹூத் சூராவின் ஆறாம் வசனம் எல்லா உயிரின் உணவையும் அல்லாஹ் பொறுப்பேற்றதாகச் சொல்கிறது. அது நம் கை வழியாக வரும்போது நாம் கையை மூடிக்கொள்ள அது ஆதாரம் ஆகாது.

வீட்டில் பூனை குட்டி போட்டிருப்பவர்கள் சில அறிகுறிகளைக் கவனியுங்கள். தாய் ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது, கெட்ட வாடையோடு கழிவு வருவது, மடி கல்லாவது, குட்டிகள் ஓயாமல் கத்துவது, எடை ஏறாமல் இருப்பது. உடம்பு நடுங்கினாலோ கால் விறைத்து வலிப்பு வந்தாலோ, அது சுண்ணாம்புச் சத்து குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். அந்த நேரமே மருத்துவரிடம் ஓட வேண்டும், காலை வரை காத்திருக்க முடியாது. தாய்க்குப் பால் வற்றினால் குட்டிகளுக்குப் பசும்பால் ஊற்றாதீர்கள். பூனைக்குட்டிக்கென்றே பால்பொடி இருக்கிறது. கொடுக்கும்போது குழந்தையைப் போல் மல்லாத்தாமல், குப்புற வைத்துக் கொடுக்க வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு, தடுப்பூசிக்குப் போய்விடுங்கள். மஞ்சள் வைத்து மூடாதீர்கள்.

பாய்களை இனி மேல்மாடியில் வைக்க ஏற்பாடு செய்தாகிவிட்டது. பின்னறைச் சாவி மோதினார் பாயிடம் இருக்கும். கதவு பூட்டப்படாது, பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான். குட்டி வேண்டும் என்று இப்போதே பெயர் கொடுத்திருக்கும் மூன்று வீட்டாரும் எட்டு வாரம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் தினமும் நிறுத்துப் பார்க்கிறோம். ஒரு நாளைக்குப் பத்து முதல் பதினைந்து கிராம் ஏற வேண்டும் என்பது கணக்கு. இன்று காலை 305, 290, 240. அந்தக் கடைசிக் குட்டி இன்னும் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது. அதை முதலில் மடியில் விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன்.